கத்தும் எஸ்எம்பிஎஸ்: எண்ணெயா, புது ஃபேனா, புது யூனிட்டா?

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதன் ஃபேன் எப்படிக் கத்துகிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம். உஸ்ஸென்று காற்றுச் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஃபேனில் குறையில்லை. உள்ளே சூடு ஏறுவதால் வேகமாகச் சுற்றுகிறது. கரகரவென்று கேட்டால், அதுவும் காலையில் கணினியைப் போட்டதும் கேட்டுச் சற்று நேரத்தில் அடங்கினால், பேரிங் தேய்ந்திருக்கிறது. கேம் ஆடும்போது மட்டும் கீச்சென்று ஏறி இறங்கும் மெல்லிய ஒலி ஃபேனே அல்ல, உள்ளே இருக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) அதிர்வு. ஃபேனை மாற்றி அது தீராது.

காற்றுச் சத்தத்துக்கு இரண்டு வழி சொல்வார்கள்: தூசி தட்டுவது, அல்லது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் சேர்த்து ஃபேனின் வேகத்தைக் குறைப்பது. எனக்கு முதல் வழிதான் வழி. எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கும் கேபினட்டில் கீழ் வலையைக் கழற்றிப் பாருங்கள், பஞ்சு போலத் தூசி படிந்திருக்கும். கழுவிக் காயவைத்து மாட்டினாலே பல நேரம் சத்தம் இறங்கிவிடும். ப்ளோயரால் ஊதும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கை சுற்றாமல் ஒரு ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைப்பது உடனே அமைதி தரும், ஆனால் சூடு உள்ளேயே தங்கும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. காதுக்காகக் கெப்பாசிட்டரைக் காவு கொடுக்க வேண்டாம்.

பேரிங் போயிருந்தால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாகி 300 வோல்ட்டுக்கு மேல் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். மின்வேலை பழகாதவர்கள் இதைச் சர்வீஸ் கடையில் கொடுங்கள். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம்.

எண்ணெய் விடுவதில் செலவே இல்லை. ஃபேன் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பேரிங்கையே பிடித்துக்கொள்ளும். துருநீக்கும் ஸ்ப்ரேயும் ஆகாது, மிச்சமிருக்கும் மசகையும் அது கழுவிவிடும். என்னுடைய 450 வாட் யூனிட்டில் எண்ணெய் நான்கு மாதம் தாங்கியது. தேய்ந்த ஸ்லீவ் பேரிங்கை (குண்டுகள் இல்லாத குழல் பேரிங்) எண்ணெய் வளர்த்துக் கொடுக்காதே! மறுபடி கரகரத்தபோது ஃபேனையே மாற்றினேன். அதன்பின் அந்தச் சத்தம் திரும்பவில்லை.

மாற்றுவதென்றால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். 120 மி.மீ. அளவு பரவலானது, தடிமனும் ஒத்துப்போக வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றும் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் உள்ளதாக வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் இரண்டு ஒயர்தான். புது ஃபேனின் மூன்றாவது ஒயர் வேகத்தைச் சொல்வது மட்டுமே, அதை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடலாம். லோடு குறைவாக இருக்கும்போது சில யூனிட்கள் ஃபேனுக்கு 4, 5 வோல்ட்தான் அனுப்பும். அதிலேயே கிளம்பும் ஃபேனாக இருக்கட்டும். காற்று போகும் திசையைப் பழைய ஃபேனில் குறித்துக்கொண்டு அப்படியே மாட்டுங்கள்.

புது யூனிட் எப்போது? பழையது மலிவான ரகம் என்றால் அதற்குப் புது ஃபேன் வாங்குவது வீண். 300 வாட் லோடில் 80 சதவீதத் திறனுள்ள யூனிட் 75 வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும். 90 சதவீதம் என்றால் வீணாவது 33 வாட்தான். வெளியேற்ற வேண்டிய சூடே பாதிக்கும் குறைவு என்பதால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். 80 பிளஸ் கோல்டு என்ற திறன் சான்று பெற்ற ரகங்கள் பலவற்றில் லோடு குறைந்தால் ஃபேன் நின்றேவிடும். ஆனால் ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில் அது சீக்கிரமே சுற்ற ஆரம்பித்துவிடும். ஃபேனே இல்லாத யூனிட்களும் உண்டு. விலை அதிகம், கேபினட்டில் மற்ற ஃபேன்கள் நன்றாகக் காற்றை இழுத்தால்தான் அவை சரிப்படும்.