லேசர் வெட்டு மரப் புதிர்: யாழ். நகரக் கடையொன்றின் வேலை

விருதுக் கேடயம், பெயர்ப்பலகை வெட்டும் இந்தக் கடையில், துண்டுகளைப் பொருத்தி விளையாடும் மரப் புதிரும் செய்விக்கலாம். நான் செய்வித்தது பனையோலை விசிறி வடிவம், நேர் விளிம்பே இல்லை, நடுவில் நுங்கும் கட்டுமரமும் தனித் துண்டுகள். 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டு அருமை.

துண்டுகள்தான் கொஞ்சம் ஆடுகின்றன. லேசர் கதிர் ஏறத்தாழ 0.2 மி.மீ. மரத்தை எரித்துவிடும், இரு துண்டுக்கும் ஒரே கோடு என்பதால் அதை ஈடுசெய்ய வழியில்லை. அதனால் துண்டுகள் ஒன்றையொன்று கவ்வும் இடங்களை, கழுத்து ஒடுங்கி, தலை பருத்த பூட்டுகளாக வரையுங்கள். கழுத்து 3 மி.மீ.க்குக் குறைந்தால் ஒடியும். ஒரே கோடு இரண்டு தரம் வரையப்பட்டிருந்தால் இரண்டு தரம் எரிந்து இடைவெளி கூடும். வரைபடக் கோப்பைக் கடையில் கொடுக்க முன் பாருங்கள்.

மேற்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஒட்டமாட்டார்கள், புகைக்கறை படியும். பிளைவுட் அடுக்குகளுக்கு இடையே பசைக்கட்டி உள்ள இடம் முழுதாக அறுபடாது. அங்கே துண்டைப் பிடுங்கினால் சிலாம்பு கிளம்பும்.