மணல் வண்டிக்கு வெளி ஈசியூ: மூன்று சீசனும் ஒரு யூஎஸ்பி கேபிளும்

போன வாரம் அரிசோனாவிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். "அண்ணா, சாண்ட் கார் ஒண்ணு கட்டிட்டிருக்கேன். உங்களுது மாதிரியே சுபாரு 2.5 டர்போதான். நீங்க வெச்சிருக்கிற ஈசியூவையே வாங்கிடட்டுமா?" (சாண்ட் கார் என்பது மணல் குன்றுகளில் ஓட்டுகிற வண்டி. ஈசியூ என்பது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று இன்ஜினுக்குச் சொல்லும் கணினிப் பெட்டி. என்னுடையது காரோடு வராமல் வெளியில் தனியாக வாங்கிப் பொருத்தியது.) யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அன்று காலை கராஜில் இரண்டு மணி நேரம் லேப்டாப்போடு மல்லுக்கட்டியிருந்தேன். அந்தக் கோபத்தில் வந்த பதில் அது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஈசியூவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ரசிகர் மன்றத்தார் வந்துவிடுவார்கள். நடுத்தர விலை, கறுப்பு அலுமினியப் பெட்டி, உள்ளேயே மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் தனித்தனியாக ஓட்டும். அவ்வளவு போதும்.

இன்ஜின் வந்த காரின் கம்பெனி ஈசியூவையே ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று சிலர் கேட்பார்கள். வைத்துப் பார்த்தேன், ஒரு சீசன். அது தன் பழைய காரைத் தேடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி வால்வு எங்கே, பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் எங்கே, வேகம் சொல்லும் சிக்னல் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எரர் கோடு. அதைவிடப் பெரிய தலைவலி காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அது காரின் நீளமான ஏர்பாக்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. திறந்த ஃபில்டரும் குட்டைப் பைப்பும் போட்டதும் அளவெல்லாம் தப்பு. ஃபில்டரில் தடவிய எண்ணெயும் நுண்மணலும் அந்த மெல்லிய கம்பியில் படிந்தால் கேட்கவே வேண்டாம். வெளி ஈசியூவுக்கு இந்தச் சென்சாரே தேவையில்லை. மேனிஃபோல்டு அழுத்தம், காற்றின் வெப்பம், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும். மணலுக்கு இதுதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

பெட்டியோடு பேச ஒரே வழி யூஎஸ்பி. ஸ்டார்ட்டரை அழுத்தினால் லேப்டாப்பில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது". பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறி 4,500 ஆர்பிஎம் தாண்டினால் மறுபடியும் அதே வரி. ட்யூன் பண்ண, அதாவது பெட்ரோல் அளவைச் சரிசெய்ய, எனக்கு லாக் (சென்சார் அளவுகளின் பதிவு) வேண்டியது சரியாக அந்த இடத்தில்தான். ரோட்டு வண்டி பாதி நேரம் லேசான த்ராட்டிலில் போகும், ஃப்யூயல் டேபிளின் (எந்த லோடுக்கும் ஆர்பிஎம்முக்கும் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) நடுக்கட்டங்களிலேயே வாழ்க்கை ஓடிவிடும். துடுப்புபோல மணலை வாரும் பேடில் டயர் போட்ட மணல் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சமதளத்தில் போனாலும் மேடு ஏறுவதுபோல இழுவை. டேபிளின் மேல்மூலையில், அதிக லோடு அதிக ஆர்பிஎம் கட்டங்களில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) ஏழு எட்டு நொடியில் கடந்துபோகிற இடத்தில் இங்கே அரை நிமிடம் நிற்போம், அதற்குள் இன்டேக் காற்றின் வெப்பமும் ஏறிவிடும். அதனால் டைனோ ஷீட்டை நம்பிப் பயனில்லை, மணலில் எடுத்த லாக்தான் வேண்டும். அந்த லாக்தான் எனக்கு நடுவில் அறுந்துபோகும்.

இதை நடத்துகிற இடத்தையும் சொல்லவேண்டும். கலிஃபோர்னியா கிளாமிஸ், 78-ஆம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே உள்ள குன்றுகள். குளிர்கால சீசன்தான், ஆனாலும் மதிய வெயிலில் லேப்டாப் திரையில் என் மூஞ்சிதான் தெரியும். பழைய ஸ்டூடியோ போட்டோகிராபர்போலத் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, மடியில் லேப்டாப், காலடியில் மணல். மினி யூஎஸ்பி துவாரத்திலும் மணல்தான். என் மனைவி ஒருமுறை குடையோடு வந்து நின்றாள். உதவிக்கு என்று நினைத்தேன். போட்டோ எடுக்க வந்திருக்கிறாள்.

இரண்டு சீசன் பெட்டியைத்தான் திட்டினேன். போன மாதம் வேறொரு ரிப்பேருக்காக ஹார்னஸை (வண்டியின் மொத்த வயர் கட்டு) பிரித்தேன். சீட்டுக்குப் பின்னால் ஃப்ரேம் குழாயில் வயர் கட்டு உரசி, அதிர்வும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்த்து, இன்ஜெக்டர் வயர் ஒன்றில் செம்பு தெரிந்தது. அதைத் தேடிப் போனபோதுதான் எர்த் வயரைப் பார்த்தேன். ஃப்ரேமின் பவுடர் கோட்டிங் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. பெயின்ட் மேல் எர்த்! போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரன்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். என்ஜிகே பிளக் எண்ணில் 'ஆர்' எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. இதில் அந்த எழுத்து இல்லை. இன்ஜினோடு வந்த பிளக், நான் பார்க்கவே இல்லை. ரெசிஸ்டர் இல்லாத பிளக் ஒரு சின்ன ரேடியோ நிலையம் மாதிரி, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின் இரைச்சலை ஒலிபரப்பும், யூஎஸ்பி அதில்தான் தடுமாறும்.

ஈசியூவின் எர்த் எல்லாவற்றையும் சிலிண்டர் ஹெட்டில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். சென்சார்களின் எர்த்தை ஃப்ரேம் பக்கமே விடாமல் ஈசியூவின் தனிப் பின்னுக்குக் கொடுத்தேன். பிளக்கை மாற்றினேன். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை அறுந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு மூன்று முறையாகக் குறைந்திருக்கிறது. அப்படியானால் தவறில் முக்கால் பங்கு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

மீதிக் கால் பங்கை விடமாட்டேன். யூஎஸ்பி மேசைமேல் பிரின்டருக்கும் மவுஸுக்கும் பிறந்தது. இரைச்சலில் ஒரு கணம் தடுமாறினால் கணினி "ஆள் போய்விட்டான்" என்று கதவைச் சாத்திவிடும். வண்டிக்கென்றே போஷ் 1986-இல் கான் பஸ் என்ற தகவல் இணைப்பை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு செய்தி கெட்டால் மறுபடி அனுப்பும், உறவை முறித்துக்கொள்ளாது. மோட்டெக் கம்பெனியின் எம்1 வரிசை ஈசியூக்கள் லேப்டாப்போடு ஈதர்நெட்டில் பேசுகின்றன. விலை என் பெட்டியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், உண்மைதான். ஆனால் ஸ்பார்க் காயிலுக்கு ஓரடி தள்ளி உட்காரப்போகும் பெட்டிக்கு மவுஸ் கேபிளைக் கொடுத்தவர் ஒருநாளாவது மணலில் உட்கார்ந்திருப்பாரா?

இத்தனை திட்டிய பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டி என் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது சீசனில் கிளாமிஸின் ஓல்ட்ஸ்மொபைல் ஹில் என்ற மணல் மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறிக்கொண்டிருந்தேன். முக்கால் ஏற்றத்தில் இன்ஜின் பட்டென்று செத்தது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது, குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும். நேராகப் பின்னாலேயே இறங்கவேண்டும். இறங்கினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே. கீழே வந்து பெட்டிக்கு உள்ளேயே பதிவாகியிருந்த லாக்கை எடுத்தேன். (உள்ளே பதிவாவது மட்டும் அறுவதில்லை. ஆனால் அதில் சில நிமிடம்தான் பிடிக்கும்.) 5,600 ஆர்பிஎம்மில் ஆயில் பிரஷர் 11 பிஎஸ்ஐ. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக் கணக்கு. 50-க்கு மேல் இருக்கவேண்டிய இடம். அதைப் பார்த்துப் பெட்டிதான் இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. நீண்ட செங்குத்து ஏற்றத்தில் ஆயில் எல்லாம் அடியிலுள்ள பானின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது, உறிஞ்சு குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. இன்னும் சில நொடி போயிருந்தால் பேரிங் போயிருக்கும். டேஷில் இருந்த ஆயில் மீட்டரை நான் பார்க்கவே இல்லை. ஏற்றத்தில் யார் மீட்டரைப் பார்க்கிறார்கள்?

அதற்கப்புறம் பானில் தடுப்புத் தகடு வைத்தேன். ஈசியூவிலும் அமைப்பை மாற்றினேன். பிரஷர் விழுந்தால் முதலில் சிவப்பு விளக்கு, அரை நொடி கழித்து ரெவ் லிமிட் 3,000-க்கு இறங்கும், அதற்கும் தேறாவிட்டால்தான் இன்ஜின் நிற்கும். புகையின் ஆக்ஸிஜனை வைத்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சாரிலும் இதே மாதிரி: பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் கலவை விகிதம் 12.5-ஐத் தாண்டி மெலிந்தால் பூஸ்ட்டைக் குறைத்துவிடும். இந்த சுபாருவின் பிஸ்டன் ரிங் லேண்டுக்கு (ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு) மெலிந்த கலவையும் நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) எமன். பெரிய குதிரைத்திறன் எண்களைவிட இந்த ஒரு பக்கத்தைத்தான் ஈசியூ வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டும். பாதுகாப்பைப் படிப்படியாக அமைக்க முடியாமல் ஒரேயடியாக வெட்ட மட்டும் தெரிந்த பெட்டி மணலுக்கு ஆகாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "அப்போ நல்ல பெட்டிதானே அண்ணா, வாங்கலாம்ல?" என்றார். மறுபடியும் "வேண்டாம்" என்றேன். "சரி, அப்போ உங்களுதை எனக்குக் குடுத்துட்டு நீங்க மோட்டெக் வாங்கிக்குங்க" என்றார். அதற்கும் "வேண்டாம்" என்றேன்.

அடுத்த பயணத்துக்கு இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் உருளை போட்ட குட்டை யூஎஸ்பி கேபிள் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறது.