ஆன் செய்தாலே டிஸ்க் செக்: ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் நானும்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைச் சோதிக்கும் டிஸ்க் செக் கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது, உங்களுடையதிலும் இப்படித்தானே இருந்தது, எப்படி நிறுத்தினீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். சுருக்கமாகச் சொல்ல முடியாத பதில் என்பதால் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது விண்டோஸ் 10. விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), டி டிரைவ் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில். போட்டோ, வீடியோ எல்லாம் டி-யில்தான். சத்தம் இல்லை, சூடு இல்லை, வருஷக்கணக்காக ஓடுகிறது. அந்தக் கறுப்புத் திரையைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்எஸ்டி போட்டதே சட்டென்று திறக்கத்தான். அதற்குக் குறுக்கே, சோதனை வேண்டாமென்றால் 8 விநாடிக்குள் ஒரு கீயை அழுத்து என்று எண் இறங்கும். அழுத்தினால் விண்டோஸ் வரும்; அடுத்த முறை மறுபடி அதே எட்டு. விட்டுவிட்டால் சதவீதம் ஓடும், ஆனால் கிடைத்த முடிவைப் படிப்பதற்குள் திரை மறைந்துவிடும். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் போகிற சோதனை எதற்கு? சொல்லத்தான் செய்கிறது, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் லாகில், வின்இனிட் என்ற பெயரில், 1001 என்ற எண்ணில். அங்கே போய்ப் பார்ப்பவர் யார்!

எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, சிஹெச்கேஎன்டிஎஃப்எஸ் ஸ்லாஷ் எக்ஸ் டி: (chkntfs /x d:) என்று அடிப்பது. சோதனை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் டிரைவின் ஃபைல் அமைப்பில் ஏதாவது குளறுபடி நடந்தால் அதில் டர்ட்டி பிட் என்ற அடையாளம் விழுகிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்டோசெக், அதாவது ஆன் செய்யும்போது தானாக ஓடும் அந்தச் சோதனை, கிளம்புகிறது. ஸ்லாஷ் எக்ஸ் அந்த அடையாளத்தைத் தொடுவதே இல்லை, பார்க்காதே என்று மட்டும் சொல்கிறது. இரண்டு டிரைவுக்கு வேண்டுமென்றால் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் கடைசியில் கொடுத்ததுதான் செல்லும். ஸ்லாஷ் டி கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. அடையாளம் இருக்கிறதா என்று கமாண்ட் பிராம்ப்ட்டில் எஃப்எஸ்யூடில் டர்ட்டி குவெரி டி: (fsutil dirty query d:) என்று கேட்கலாம். அதே எஃப்எஸ்யூடிலால் அடையாளத்தை வைக்கவும் முடியும். எடுக்க மட்டும் முடியாது! அதற்கு டிரைவைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க்தான் (chkdsk) ஓட வேண்டும். டி-யில் விண்டோஸ் இல்லாததால் விண்டோஸுக்கு உள்ளிருந்தே ஸ்லாஷ் எஃப் (chkdsk d: /f) போட்டு ஓட்டினேன். அடையாளம் போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது.

அப்புறம்தான் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமைத் திறந்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் (டேட்டா எழுதும் சிறு பகுதிகளின்) கணக்கு 05, படிக்கத் தடுமாறும் செக்டர்களின் கணக்கு சி5; இரண்டிலும் பூஜ்யம். அதாவது டிஸ்க்கில் கெட்ட செக்டர் எதுவும் பதிவாகவில்லை. சி7-ல் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகிற டேட்டா சிதைவதன் கணக்கு அது. பெட்டியைத் திறந்தால், அந்த இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் பக்கவாட்டு மூடியில் இடித்து, டிஸ்க் பக்கம் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முனையில் லாக் கிளிப்பும் இல்லை. கிளிப் வைத்த கேபிள் ஒன்றை மாற்றி, செக்டிஸ்க்கை இன்னொரு தடவை ஓட்டினேன். சி7 எண் குறையாது, அது பழைய கணக்கு. மேலே ஏறாமல் நின்றால் சரி. நின்றது. கறுப்புத் திரையும் வரவில்லை.

நண்பருக்கு: சி5-ல் பூஜ்யம் இல்லையென்றால் கேபிளை அப்புறம் பார்க்கலாம், செக்டிஸ்க்கையும் ஓட்ட வேண்டாம், முதலில் போட்டோக்களை வேறு இடத்துக்கு எடுங்கள்.

டிஸ்க்கின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று இப்போது தெரியும். இருந்தாலும் அடுத்தது எஸ்எஸ்டிதான். அந்த எட்டு விநாடி கிளப்பிய எரிச்சல் கேபிளோடு சேர்ந்து கழன்று வரவில்லை.