மோட்டார்ஹோம் கட்டிலின் உடைந்த தாங்குகட்டை: சரிசெய்து மூன்று சீசன் ஓடிய பிறகு

அமெரிக்க சி-கிளாஸ் மோட்டார்ஹோமின் (வேன் சேஸிமேல் கட்டிய வீட்டு வண்டி) பின்பக்க குவீன் கட்டில் (இருவர் படுக்கும் அளவு) வெளிப்பார்வைக்கு வீட்டுக் கட்டில் போலத்தான் இருக்கும். மெத்தையை எடுத்து, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சுற்றிலும் மெல்லிய ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. அதன் உள்விளிம்பில் தாங்குகட்டையாக ஒரு ரீப்பர். கடையில் ‘ஒன் பை டூ’ என்று கேட்டால் தரும் கட்டை, அளந்தால் 19×38 மி.மீ. தான் இருக்கும். அதன்மேல் 9 மி.மீ. ப்ளைவுட் மூடி. ரீப்பரைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது வரிசையாக அடித்த ஸ்டேப்பிள் பின்கள், அவ்வளவுதான்.

உடைவதும் அங்கேதான். கால்மாட்டு மூலை விரற்கடை அளவு இறங்கியிருக்கும், மூடி கிரீச்சிடும். உள்ளே பார்த்தால் ரீப்பர் முறிந்திருக்காது. பலகையை விட்டுச் சற்றே சுழன்று, தலைசாய்த்து நிற்கும். இடுக்கில் பின்கள் பாதி வெளியே வந்து, ஒரே பக்கமாக வளைந்திருக்கும். கீழே தரையில் சிட்டிகை அளவு மரத்தூள். மாதக்கணக்காக ஆடி ஆடி பின்னின் துளை பெரிதான அடையாளம் அது.

இதைப் பார்த்ததும் பலரும் செய்வது, மூடியை 18 மி.மீ. ப்ளைவுட்டாக மாற்றுவது. அது தப்பான மருந்து. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி ஏறும் என்பதால் 9-லிருந்து 18-க்குப் போனால் வளைவு எட்டில் ஒரு பங்காகும், உண்மைதான். ஆனால் மூடியின் எடையும் இரட்டிப்பாகி, ஏற்கெனவே தள்ளாடும் அதே பின்கள்மேல்தான் உட்காரும். ஆறே மாதத்தில் இன்னொரு மூலை இறங்கும்.

கணக்கு எளிது. இரண்டு பேர், மெத்தை, மூடி எல்லாம் சேர்ந்து 200 கிலோ. ஒருவர் கால்மாட்டு ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தால், அந்த நொடியில் அவர் எடையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத விசை ஒரே இடத்தில் இறங்கும். அது ரீப்பர், பின், மெல்லிய பலகை என்று சுற்றிப் போகக் கூடாது. ரீப்பர், கால், தரை என்று நேராக இறங்க வேண்டும். வேலையின் சாரமே இதுதான்: கட்டிலுக்குக் கால் வைப்பது. பெட்டிப் பலகை சும்மா மறைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தேவைப்படும் சாமான்கள்: 38×38 மி.மீ. பைன் கட்டை (அமெரிக்கக் கடையில் ‘டூ பை டூ’) 8 அடி நீளத்தில் நான்கு, 12 மி.மீ. பால்டிக் பர்ச் ப்ளைவுட், 40×40×3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் (எல் வடிவப் பட்டை) 1.4 மீட்டரில் மூன்று. 60 அங்குலப் பியானோ கீல் (முழு நீளத்துக்கும் ஓடும் பட்டைக் கீல்). எட்டாம் நம்பர் மரத்திருகு, ஒன்றேகால் அங்குலத்திலும் இரண்டரை அங்குலத்திலும். எம்6 போல்ட் (6 மி.மீ. விட்டம்), டி-நட் (மரத்தில் பதியும் நட்டு), அகல வாஷர். பாலியூரிதேன் கட்டுமானப் பசை இரண்டு குழல். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அது முறியும் அளவுக்குக் கடினமாக்கிய எஃகு. குலுக்கலில் வளையாமல் தலை தெறித்துப் போகும்.

ப்ளைவுட் வாங்கும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மோட்டார்ஹோம் குவீன் பெரும்பாலும் 60×75 அங்குலம். வழக்கமான 4×8 அடி ஷீட்டின் அகலம் 48 அங்குலம்தான், ஒரே துண்டில் மூடி வராது. பால்டிக் பர்ச் 5×5 அடியில் (1525×1525 மி.மீ.) வருவதால் அது கச்சிதம்: அந்தச் சதுரம் முழுதும் தூக்கும் மூடி, தலைமாட்டில் மிஞ்சும் 15 அங்குலம் நிலையான பட்டை, இரண்டும் சேரும் கோட்டில் கீல். ஃபோம் மெத்தை அந்தக் கோட்டில் மடிந்து கொடுக்கும், தலையணை இருக்கும் பக்கத்தை நகர்த்தவே வேண்டாம். ஸ்பிரிங் மெத்தை வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது; அவர்கள் கீலைத் தலைமாட்டுக் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் 12 வோல்ட் பேட்டரி இணைப்பையும் வெளி மின்சாரத்தையும் துண்டித்துவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் குழாய், இன்வெர்ட்டர், ஹீட்டர் குழாய் என ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூடிக்கு ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்த பிறகே கேஸ் ஸ்ட்ரட்டின் (மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) கிளிப்பை நெம்ப வேண்டும். வண்டி சமதரையில் நிற்பது முக்கியம். மேடுபள்ளத்தில் நின்றால் சேஸி லேசாக முறுக்கும். அந்த நிலையில் அளந்து வெட்டிய கால், சமதரைக்கு வந்ததும் ஒன்று தொங்கும், ஒன்று முட்டும்.

பழைய ரீப்பரைக் கழற்றியதும் பின்களைக் குறடால் பிடுங்கிவிட்டு, பலகையின் மேல்தோலைச் சுரண்ட வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பழுதுபார்ப்பு காலை வாரிவிடுகிறது. மரம்போலத் தெரியும் அந்த மேற்பரப்பு, மரக்கோடு அச்சிட்ட காகிதம் அல்லது வினைல் தாள். அதன்மேல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் பசை பிடிப்பது தாளைத்தான். பாரம் ஏறினால் தாளோடு உரிந்து வரும். 38 மி.மீ. அகலத்துக்கு உளியால் கீறி, 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, வெறும் மரம் தெரிய வேண்டும்.

புதிய 38×38 கட்டையை ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, பசை தடவி, கிளாம்ப் இறுக்கி, 150 மி.மீ.க்கு ஒரு திருகு. பைன் கட்டைக்கு 2.5 மி.மீ. முன்துளை போடாவிட்டால் முனையில் பிளக்கும். பழைய ரீப்பரையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அதைப் படுக்க வைக்காமல், 38 மி.மீ. பக்கம் செங்குத்தாக வருமாறு நிறுத்தினால் அதே கட்டை நான்கு மடங்கு விறைப்பாகும். காசு செலவில்லாத வேலை, பெட்டி கட்டியவர்கள் ஏன் செய்யவில்லையோ.

வண்டியின் வெளிச்சுவரை ஒட்டி வரும் கட்டைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். லேமினேட் சுவர்களில் மெல்லிய பலகை, ஃபோம், வெளித்தோல் என அடுக்கிருக்கும். திருகு பிடிக்கும் இடம் உள்ளே போகும் அலுமினியச் சட்டம் மட்டுமே. காந்தம் அதைக் காட்டாது. தட்டிப் பார்த்து, ஓசை மாறும் இடத்தில் சிறு துளையிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரின் மொத்தத் தடிமனே சுமார் 40 மி.மீ. என்பதால் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். கட்டையைத் தாண்டிச் சுவருக்குள் 20 மி.மீ.க்கு மேல் திருகு போகக் கூடாது. இரண்டரை அங்குலத் திருகு கணக்குப்படி 25 மி.மீ. போய்விடும், அதனால் தலையை 6 மி.மீ. வாஷர்களால் உயர்த்த வேண்டும், அல்லது இரண்டேகால் அங்குலத் திருகு தேட வேண்டும். வெளித்தோலைத் துளைத்துவிட்டால் கட்டில் பழுது தண்ணீர்க் கசிவுப் பழுதாக மாறும்.

இனி கால்கள். இரண்டு பக்கமும் மும்மூன்று, கால்மாட்டில் நடுவே ஒன்று, மொத்தம் ஏழு. ஒரே அளவில் ஏழையும் வெட்டினால் வேலைக்கு ஆகாது. பெட்டித் தரை எங்கும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டும். உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் உள்ளே போய் நிற்பது சரியான அளவு. சுத்தியல் தேவைப்பட்டால் காலின் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். அது கட்டையைப் பலகையிலிருந்து மேலே நெம்பும். வண்டித் தரையும் ஃபோம் வைத்த அடுக்குத் தரையாக இருக்கலாம், 38 மி.மீ. முனை நாளடைவில் குழி பதிக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 100×100 மி.மீ. ப்ளைவுட் துண்டு வைத்து, அதைச் சேர்த்துத்தான் காலின் உயரத்தை அளக்க வேண்டும். தரையோடு பிடிக்கச் சிறிய எல்-கிளாம்பும் 16 மி.மீ. திருகும் போதும், நீளத் திருகு அடித்தால் கீழே போகும் ஒயரையோ டேங்க்கையோ தேடிப் போகும்.

மூடியின் அடியில் மூன்று அலுமினிய ஆங்கிளும் அகலவாக்கில். மூன்றும் சேர்ந்து 2.6 கிலோதான். ஆங்கிளின் முனை தாங்குகட்டைமேல் ஏற வேண்டியதில்லை, 10 மி.மீ. முன்னால் நின்றால் போதும். ஓரத்தில் வளைக்கும் விசை இல்லை, நடுவில்தான் உண்டு. பசையோடு 12 மி.மீ. திருகு, முனைகளில் மட்டும் எம்6 போல்ட் ஊடுருவி.

கேஸ் ஸ்ட்ரட் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டிப் பலகை கிழிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மூடி திறக்கும்போது மட்டும் அது வேலை செய்வதாக நினைக்கிறோம். மூடியிருக்கும்போதும், வண்டி ஓடும்போதும், இரவு முழுதும் அது தள்ளிக்கொண்டே இருக்கிறது. 750 நியூட்டன் ஸ்ட்ரட் என்றால் 75 கிலோவுக்குச் சற்று அதிகமான பாரம், மெல்லிய பலகையில் நான்கு சிறு திருகுகள்மேல், ஓய்வில்லாமல். ஆகவே பிராக்கெட்டுக்குப் பின்னால் 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு வைத்து எம்6 போல்ட், டி-நட் போடுவது கட்டாயம்.

விசையைக் கணக்கிட: பர்ச் மூடி 19 கிலோ, ஆங்கிள் 2.6, அதன்மேல் வரும் மெத்தை 20 என்று வைத்தால் ஏறக்குறைய 41 கிலோ, அதாவது 402 நியூட்டன். எடை மையம் கீலிலிருந்து 0.76 மீட்டர், திருப்புவிசை 305 நியூட்டன்-மீட்டர். பாதி தூக்கிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலிலிருந்து 20 செ.மீ. செங்குத்துத் தூரத்தில் போனால், இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் சேர்த்து 1525 நியூட்டன், ஒவ்வொன்றுக்கும் 760 சொச்சம். 750 போடலாம். முழுதாக மூடிய நிலையில் அந்தத் தூரம் 10 செ.மீ.க்குக் குறைந்துவிடும், எனவே முதல் இழுப்புக்குக் கால்மாட்டில் 10 கிலோ அளவுக்குக் கை கொடுக்க வேண்டும். அது குறையல்ல, மூடி ஓட்டத்தில் தானாகத் திறக்காமல் இருப்பதே அதனால்தான். தண்டுப் பக்கம் கீழ்நோக்கி வருமாறு பொருத்தினால் உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும், ஆயுள் கூடும்.

மூன்று சீசன் பயன்பாட்டில் தாங்குகட்டையும் கால்களும் அசையவில்லை. ரசமட்டம் வைத்தால் போட்ட அன்றிருந்த கோடு. அசைந்தவை வேறு. ஸ்ட்ரட் பிராக்கெட் போல்ட்டுகள் முதல் சில நூறு மைலிலேயே கால் சுற்று தளர்ந்தன, நைலான் நட்டுக்கு மாற்றியபின் நின்றன. மூடியும் கட்டையும் உரசும் கிரீச்சுக்கு ஒட்டிய ஃபோம் டேப் ஒரே சீசனில் தட்டையாகிப் பயனற்றுப்போனது, 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. குளிரில் ஸ்ட்ரட் சோம்பும்: வாயு அழுத்தம் 10 டிகிரிக்கு 3 சதவீதத்துக்கு மேல் விழும் என்பதால், உறைநிலையில் மூடி பாதியில் நிற்க மறுக்கும். வெயில் வந்தால் சரியாகிவிடும், புதிது வாங்க ஓட வேண்டாம். கோடையிலும் நிற்கவில்லை என்றால் வாயு போய்விட்டது. இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எடை நிகரமாகக் கூடியது 12 கிலோ அளவு. சி-கிளாஸுக்கு அது பொருட்டல்ல. 3,500 கிலோ வரம்புக்குள் ஓட வேண்டிய ஐரோப்பிய வண்டிகளில் பர்ச்சுக்குப் பதில் பாப்லர் ப்ளைவுட் எடுத்தால் மூடியில் மட்டும் 6 கிலோ மிச்சம். விறைப்பு குறைவு என்பதால் ஆங்கிள் நான்காகட்டும்.

முதல் குளிர்காலத்தில் தெரிந்த ஒரே பெரிய குறை ஈரம். முழுப்பலகை மூடியின்மேல் ஃபோம் மெத்தை வைத்தால் உடல் ஆவி அடியில் குளிர்ந்து நீராகும், கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மருந்து, மூடியில் காற்றுப் போக 30 மி.மீ. துளைகள், 200 மி.மீ. இடைவெளியில், ஆங்கிளிலிருந்தும் விளிம்பிலிருந்தும் 60 மி.மீ. தள்ளி. இதை ஆங்கிள் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. பிறகு போட்டால் ஹோல் சா (வட்டத் துளை ரம்பம்) ஆங்கிளில் மோதும்.