புழுத்தூளுக்கு எந்தச் செரிமானச் சோதனை: பெப்சின் மட்டுமா, இரண்டு கட்டமா?

கடலூருக்கு வெளியே ஒரு சின்னக் கொட்டகையில் பிஎஸ்எஃப் (பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின்) புழு வளர்க்கிறேன். சீசனில் பண்ருட்டிப் பலாச் சக்கை, மற்ற மாதங்களில் காய்கறிக் கழிவு, அதுதான் தீனி. காயவைத்து அரைத்த தூளைப் புதுச்சேரியில் நாய் உணவு தயாரிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். "புரதம் இருக்கட்டும் சார், நாய்க்கு எவ்வளவு செரிக்கும்?" என்றார். லேப் தேடி அலைய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

நாய்க்கே போட்டுப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. கூண்டு, ஆள், மலம் சேகரித்தல் என்று நம் அளவுக்கு ஆகாது. மிச்சம் இரண்டு. இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதியான பெப்சினை மட்டும் ஊற்றிப் பார்ப்பது ஒன்று, பெப்சினுக்குப் பிறகு கணையத்து நொதிக் கலவையான பான்கிரியாட்டினும் சேர்ப்பது மற்றொன்று. முதலாவதில் வேலையும் செலவும் குறைவு. அதைத் தாண்டி அதற்கு நான் மார்க் போட மாட்டேன்.

காரணம் போன ஐப்பசி மழை. வெயில் இல்லாமல் ஓவனில் உலர்த்தினேன். அவசரத்தில் சூடு ஏறி, தூள் பழுப்பாகிவிட்டது. கருகல் வாடை மூக்குக்கே தெரிந்தது. அதையும் ஆடி வெயிலில் காய்ந்த தூளையும் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பினேன். பெப்சின் ரிப்போர்ட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று!

வழக்கமான முறையில் 0.2 சதவீதப் பெப்சின், 45 டிகிரி, 16 மணி நேரம். அந்தச் சூட்டில் எந்த நாய்க்கும் வயிறு கிடையாது. அவ்வளவு நொதியில் அவ்வளவு நேரம் ஊறினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே கரைகிறது. 0.002 சதவீதமாகக் குறைத்தால் வித்தியாசம் ஓரளவு வெளியே வரும். ஆனால் நான் கொடுத்த லேபில் எந்த அளவு போட்டார்கள் என்றே ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

இரண்டு கட்ட முறையில் 39 டிகிரி. அமிலத்தில் பெப்சினோடு 2 மணி நேரம், பிறகு பிஎச் 6.8க்குக் கொண்டுவந்து பான்கிரியாட்டினோடு 4 மணி நேரம். இதில் பழுப்புத் தூள் மாட்டிக்கொண்டது. சூடு அதிகமானால் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது. பான்கிரியாட்டினில் உள்ள ட்ரிப்சின் புரதத்தை வெட்டுவதே லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடங்களில்தான். லைசின் அடைபட்டால் அங்கே கத்தி இறங்காது. பெப்சின் வெட்டுவது வேறு இடங்களில், அதனால் அதற்கு இந்தச் சேதம் அவ்வளவாகத் தெரிவதில்லை. உலர்த்துவதில் கோட்டைவிடும் என்னைப் போன்றவனுக்கு இதைக் காட்டிக்கொடுக்கும் சோதனைதான் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை, கைட்டின். கெல்டால் முறை நைட்ரஜனை அளந்து, அதைப் பெருக்கித்தான் புரதம் சொல்கிறது; புழுத்தோலில் உள்ள கைட்டினின் நைட்ரஜனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். வழக்கம்போல் 6.25ஆல் பெருக்கினால் புரதம் கூடித் தெரியும். இந்தப் புழுவுக்கு 4.76 பொருத்தம் என்று ஆய்வில் வந்திருக்கிறது. செரிக்காத மிச்சத்திலும் அதே கைட்டின்தான் உட்கார்ந்திருக்கும்.

பூனை உணவுக்கு நான் விற்றதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். நாய் விஷயத்திலும் கண்ணாடிக் குடுவை காட்டியது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஓவனை இப்போது 60 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை. அப்படி உலர்த்திய முதல் சரக்கு போன வாரம்தான் லேபுக்குப் போனது, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.