பிக்கப்பின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஒழுங்கான பில்கூட வாங்காதவன் பெயரைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் மலிவு பிராண்டான ஸ்குயரின் கிளாசிக் வைப் வரிசையில் வரும் 60களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இந்தோனேசியாவில் செய்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் பழைய ஃபெண்டர் மாதிரியே இருக்கும். அதோடு வந்த பிக்கப்பும் ஆல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் போட்டதுதான், ஒரு குறையும் இல்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகனிடம் சொல்லி, கையால் சுற்றிய பிக்கப் ஒரு செட்டும், பெரிய சைஸ் பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) மூன்றும் வரவழைத்தேன். 19,500 ரூபாய். எனக்கு சால்டரிங் வராது என்பதால் சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் என்றவர் மூன்று வாரம் ஆக்கினார். கூலி 3,500. துண்டுச் சீட்டில் ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய பிக்கப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் ஆம்ப்பில் போட்டால் தகர டப்பாவைத் தட்டியது போல ஒரு சத்தம். போன் செய்தேன். “புது பிக்கப் தம்பி, வாசிக்க வாசிக்க செட் ஆயிடும்” என்றார். காந்தமும் செம்புக் கம்பியும் என்ன புதுச் செருப்பா, போடப் போடப் பதமாவதற்கு? அன்றைக்கு இந்தக் கேள்வி வரவில்லை. இரண்டு மாதம் நம்பி வாசித்தேன்.

சந்தேகம் வந்தது இரைச்சலில்தான். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருக்கும். நான் வாங்கிய செட்டில் நடு பிக்கப் மட்டும் எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பிப் போட்டது. அட்டைப் பெட்டியிலேயே அப்படி எழுதியிருந்தது. அதனால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்தால், அதாவது இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும்போது, இரைச்சல் அடங்க வேண்டும். அடங்கவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன். “ஒரிஜினல் அறுபதுகள் ஸ்ட்ராட்ல அப்படித்தான் இருக்கும்” என்றார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. பழைய ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரி சுற்றியவை. ஐந்து நிலை சுவிட்சையே ஃபெண்டர் 1977இல்தான் போட ஆரம்பித்தது. அதற்கு முன் மூன்று நிலை சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் இழுத்து நிறுத்தித்தான் அந்த ஒலியை எடுத்தார்கள். தொழில் தெரிந்தவர்தான். தெரிந்ததை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கிட்டாரைத் திறக்காமலே பார்க்கலாம்: கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வைத்தால் பிக்கப்பின் ஓம் அளவு, அதாவது மின்தடை, காட்டும். வால்யூம் பாட்டும் குறுக்கே இருப்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். பெட்டியில் இருந்த தாளின்படி கழுத்துப் பக்கம் 5.8 கிலோ ஓம், நடுவில் 5.9, பிரிட்ஜ் பக்கம் 6.3. எனக்கு வந்தது மூன்றிலும் 4.9. பாட்டால் இவ்வளவு குறையாது.

சரி என்று கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, பதினொரு திருகையும் எடுத்து, பிக்கப்பெல்லாம் மாட்டியிருக்கும் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டை, அதாவது பிக்கார்டை, திருப்பினேன். ஆல்னிகோ பிக்கப்பில் மேலே தெரியும் ஆறு முனையும் ஒவ்வொன்றும் காந்தம். அடியில் வேறெதுவும் ஒட்டியிருக்காது. என் கிட்டாரில் இருந்த மூன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு செராமிக் காந்தப் பட்டை. செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன், நல்லதும் உண்டு. இது அந்த வகை இல்லை. பாட்டும் காசு அளவுக்குச் சின்னது. நான் கொடுத்த பெரிய பாட்டைப் போட்டிருந்தால் பிக்கார்டின் துளையைப் பெரிதாக்கியே ஆகவேண்டும்; துளையில் யாரும் கைவைக்கவில்லை. ஆக, புது செட்டும் போயிற்று, கிட்டாரோடு வந்த நல்ல செட்டும் போயிற்று.

நேரில் போய்ப் பிக்கார்டைக் காட்டினேன். “நீங்க கொடுத்ததைத்தான் போட்டேன். ரெண்டு மாசத்துல வேற யார்கிட்டயாவது கொடுத்தீங்களா?” நான் கொடுத்தது இதுதான் என்று காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அடிப்பக்கத்தில் மார்க்கரால் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து, பழையது திரும்ப வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கியிருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க முடியாது. பணம் கொடுக்கும் முன் அங்கேயே பிக்கார்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கம்பி திரும்பவும் மாட்ட வேண்டும் என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பிறகு ஒருவர் தன் கிளாசிக் வைப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த செட்டை 4,000 ரூபாய்க்கு வாங்கி, நானே சால்டர் செய்தேன். பிக்கார்டில் இரண்டு இடம் பொசுங்கிவிட்டது. 27,000 ரூபாய் செலவில் கிட்டார், வாங்கிவந்த அன்று எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.