முதன்முதலாகக் கொரிய பி.எல். (ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் தொடர்) பார்க்கப் போகிறீர்களா? 'செமான்டிக் எரர்' பார்ப்பதா, 'டு மை ஸ்டார்' பார்ப்பதா?

மனசு லேசாக வேண்டும் என்றால் 'செமான்டிக் எரர்' (2022) தான். மொத்தம் 8 எபிசோடு. குழு வேலையில் கைகொடுக்காதவர்களின் பெயரைக் கணினி மாணவன் சூ சாங்வூ நீக்கிவிட, சீனியர் ஜாங் ஜேயங்கின் பட்டம் தள்ளிப்போகிறது. பழிவாங்க, சாங்வூவுக்குப் பிடிக்காத சிவப்பு உடையிலேயே அவன் எதிரில் வந்து நிற்கிறான். பகை காதலாவது அவசரமில்லாமல், படிப்படியாக நடக்கிறது. அதுதான் இதன் அழகு.

சாங்வூ சீனியரிடம் மரியாதை வடிவில் பேசுவான். கொரிய வாக்கியம் 'யோ' என்று முடிவது அதற்கான அடையாளம். ஆங்கில சப்டைட்டிலில் 'நீ', 'நீங்கள்' இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இந்த இடைவெளி தெரியாது. காதைக் கொஞ்சம் ஒலியிலும் வையுங்கள். தொடரைத் தொகுத்துத் திரையரங்கில் வெளியிட்ட படமும் உண்டு; முதலில் தொடரையே பாருங்கள், சுருக்கத்தில் சின்னச் சின்னச் சீண்டல்களின் சுவை குறைந்துவிடும்.

'டு மை ஸ்டார்' (2021) இதைவிட அமைதியானது. சர்ச்சையில் சிக்கிய நடிகன், சமையல்காரன், ஒரே வீடு, 9 குட்டி எபிசோடு. 2022-ல் வந்த இரண்டாம் சீசன் பிரிவின் வலியோடு தொடங்கும். அதே சூட்டில் அதைத் தொடராதீர்கள்.